காஜா முகைதீன் காது வைத்த பலகைகள்

காஜா முகைதீனை நான் முதன்முதலாகச் சரியாகப் பார்த்தது மைனஸ் இருபத்திரண்டு டிகிரியில்.

அதற்கு முன்னால் மூன்று மாதமாக ஒரே பட்டறையில்தான் வேலை பார்க்கிறோம். காலையில் வந்ததும் ஸலாம் சொல்வார், டீ வந்தால் எனக்கும் ஒரு கிளாஸ் ஒதுக்கி வைப்பார். அவ்வளவுதான் பழக்கம். அன்றைக்கு வெளியே புரட்டாசி வெயில் முப்பத்தேழு அடித்துக்கொண்டிருந்தது. தூத்துக்குடி ரோட்டில் ஒரு மீன் குளிர்கிடங்கு இருக்கிறது. உவரிப் பக்கத்துச் சீலாவும் மாவுலாவும் பெட்டி பெட்டியாக உறைந்து கிடக்கும் இடம். அதன் கடைசி அறையில் பாதியை எங்கள் பட்டறை வாடகைக்கு எடுத்திருந்தது. பனிச்சறுக்குப் பலகைகளை அங்கே தொங்கவிட்டு, குளிர் தாங்குகிறதா என்று பார்ப்போம்.

நான் கதவைத் திறந்தபோது உள்ளே ஆளைவிட நீளமான இருபத்துநான்கு பலகைகளும் கம்பியில் தொங்கின. மூக்கு எல்லாம் மேலே வளைந்து, ஒரே திசையைப் பார்த்தபடி. அதற்கு நடுவில், கவிழ்த்துப் போட்ட மீன் தட்டின் மேல், கம்பளிக் கோட்டுக்குள் ஓர் ஆள் உட்கார்ந்திருந்தார். தாடி வெள்ளையாக உறைந்திருந்தது. கண் மூடியிருந்தது. ஒரு பக்கக் காதைப் பலகையில் வைத்திருந்தார். அசைவே இல்லை.

மனிதர் போய்விட்டார் என்றே நினைத்தேன். "பாய்!" என்று கத்தினேன். அவர் கண்ணைத் திறக்கவில்லை. ஒரு விரலை மட்டும் தூக்கிக் காட்டினார், சத்தம் போடாதீங்க என்று.

வெளியே வந்த பிறகு கேட்டேன். "உள்ள என்ன பாய் செய்யுதீங்க?"

"கேக்குதேன்."

"எதைக் கேக்குதீங்க?"

"பலகை தட்டுதுல்லா, அதைத்தான்" என்றார். பஸ் வந்துவிட்டதா என்று கேட்டால் சொல்வது போலச் சொன்னார்.

திருநெல்வேலியில் பனிச்சறுக்குப் பலகைக்கு என்ன வேலை என்று யாருக்கும் தோன்றும். எங்கள் அப்பாவுக்கு இன்னும் நான் ஏதோ படகுக் கம்பெனியில் இருக்கிறேன் என்றுதான் எண்ணம். அது பாதி உண்மை. தச்சநல்லூரில் பழைய அரிசி மில்லுக்குப் பின்னால் இருக்கிறது ஜெபசீலன் அண்ணாச்சியின் பட்டறை. இருபது வருடமாகக் கடற்கரை ஊர்களுக்கு ஃபைபர் படகு செய்து கொடுத்தவர். மூன்று வருடத்துக்கு முன்னால், வடக்கே மலையேறுகிறவர்களுக்குச் சாமான் விற்கிற ஒரு கம்பெனிக்காரர்கள் அவர் செய்த படகைப் பார்த்துவிட்டு, ஸ்கீ செய்ய முடியுமா என்று கேட்டிருக்கிறார்கள். "அதுக்கென்ன, செஞ்சிருவோம்" என்று சொல்லிவிட்டுத்தான் அண்ணாச்சி வீட்டுக்கு வந்து, ஸ்கீ என்றால் என்ன என்று மகளிடம் கேட்டிருக்கிறார்.

வெளியிலிருந்து பார்த்தால் ஒரு நீள மரப்பட்டை. உள்ளே அப்படியில்லை. நடுவில் மலைவேம்புக் கட்டை. எடை குறைந்த மரம். அதை விரல் அகலக் கீற்றுகளாக அறுத்து, பக்கம் பக்கமாக ஒட்டி, நடுவில் பதினோரு மில்லிமீட்டர் தடிமனும் நுனியில் இரண்டுமாக இழைக்க வேண்டும். மேலும் கீழும் ஃபைபர் துணி, நடு நீளத்தில் கார்பன் பட்டை, எல்லாவற்றையும் சேர்த்துப் பிடிக்க ரெசின். அடியில் வழுக்குகிற கறுப்புத் தகடு. அதன் ஓரம் முழுக்க எஃகுக் கம்பி. பனிக்கட்டியில் கடித்து நிற்பது அதுதான். எஃகு ஒரு மாதிரிச் சுருங்கும், மரம் ஒரு மாதிரிச் சுருங்கும். இரண்டும் ஒன்றையொன்று பிய்த்துக்கொள்ளாமல் இருக்க இடையில் மெல்லிசாக ஒரு ரப்பர். இத்தனையையும் அச்சில் அடுக்கி, சூட்டில் வைத்து அழுத்தி எடுப்போம்.

இழுவைக் கம்பியில் தொங்கிக்கொண்டு மேலே போய்ச் சறுக்கி வருகிறவனுக்கு எடை ஒரு பொருட்டில்லை. நாங்கள் செய்வது அந்தக் கம்பி இல்லாத மலைக்கு. தன் காலாலேயே நாலு மணி நேரம் ஏறி, பிறகு அதே பலகையில் இறங்க வேண்டும். ஏறும்போது இறகு மாதிரி இருக்க வேண்டும், இறங்கும்போது பாறை மாதிரி. ஆழப் பனியில் மூழ்காமல் இருக்க அகலமும் வேண்டும். மூக்கில் ஒரு துளை, வாலில் ஒரு வெட்டு. ஏறும்போது பின்னால் வழுக்காதபடி அடியில் ஒட்டுகிற ரோமப்பட்டையை மாட்ட வாலில் வெட்டு. மூக்கில் துளை எதற்கு என்றால், வழியில் ஒருவன் விழுந்துவிட்டால் நாலு பலகையைத் துளை வழியாகக் கயிறு கோத்துக் கட்டி, அவனை அதில் படுக்க வைத்து இழுத்து வருவதற்கு. இதை நான் படித்துச் சொன்ன அன்று பட்டறையில் யாரும் சிரிக்கவில்லை. காஜா பாய் மட்டும் அந்தத் துளையின் ஓரத்தை விரலால் தடவிப் பார்த்துவிட்டு, இன்னும் கொஞ்சம் மழமழப்பாக்கணும், இல்லன்னா கயிறு அறுந்திரும் என்றார்.

பட்டறையிலேயே பனியைத் தொட்டவர் அவர் ஒருத்தர்தான். மேலப்பாளையத்துக்காரர். இருபத்தேழு வயதில் ஏசி வேலைக்கென்று வளைகுடாவுக்குப் போனார். கொண்டுபோய் விட்ட இடம் ஒரு பெரிய கொட்டகை. வெளியே பாலைவனம், உள்ளே கூரைக்குக் கீழே செயற்கைப் பனி. ஜனங்கள் டிக்கெட் வாங்கிச் சறுக்கி விளையாடுவார்கள். அங்கே பலகை பழுது பார்க்கிற அறையில் பதினோரு வருடம் இருந்தார். ஓரக்கம்பியைச் சாணை பிடிப்பது, அடித்தகட்டுக் கீறலில் பிளாஸ்டிக்கை உருக்கி விடுவது, மெழுகு தேய்ப்பது, வாயைப் பிளந்த பலகையை ஒட்டி இடுக்கியில் இறுக்குவது. ஒருநாள்கூட அவர் சறுக்கியதில்லை. "நம்ம வீட்டுக் குளியலறையிலேயே சுவரைப் பிடிச்சிட்டுத்தான் நடப்பேன்" என்பார். ஊருக்குத் திரும்பி வந்து பிரிட்ஜ் பழுது பார்க்கும் கடை வைத்திருந்தவரை, கடைச் சுவரில் பலகையை ஏந்திக்கொண்டு நிற்கிற ஒரு போட்டோவைப் பார்த்துத்தான் அண்ணாச்சி பிடித்து வந்தார்.

அவருடைய வீட்டுக்கு ஒருமுறை போயிருக்கிறேன். நல்ல புழுக்கம். மேலே ஃபேன் சும்மா தொங்கியது. அவர் மனைவி கமர் நிஷா சர்பத் கொடுத்துவிட்டு என்னிடம் முறையிட்டார்.

"பாருங்க தம்பி, இவுக ஊருக்கு வந்து அஞ்சு வருசம் ஆச்சு, இன்னும் ஃபேனைப் போட விடமாட்டேங்காக. கேட்டா சத்தமாம். ஒரு ஃபேனு என்ன சத்தம் போட்டிரும்?"

"சத்தம் இல்லம்மா. அது ஓடுனா மத்த சத்தம் கேக்க மாட்டேங்கு" என்றார் பாய்.

"மத்த சத்தம்னா? நான் ஏசுறதா? அதைக் கேக்கத்தான் ஃபேனை நிறுத்துதீகளா?"

அவர் சிரித்தார். பிறகு, மனைவி உள்ளே போனதும் என்னிடம் சொன்னார். அந்தக் கொட்டகையில் காலையில் கூட்டம் வருமுன் போய் நின்றால் சொந்த மூச்சே காதுக்குத் திரும்பி வராதாம். பனி சத்தத்தைக் குடித்துவிடுமாம். அப்படிப்பட்ட இடத்தில் பதினோரு வருடம் இருந்தால் காது பசித்துப்போகும், எதையாவது கேட்டுக்கொண்டே இருக்கச் சொல்லும் என்றார். குளிரிலிருந்து பழுது அறைக்கு வந்த பலகைகள் டிக் டிக் என்று முறுக்கிக்கொள்ளும். எது இன்னும் பத்து நாளில் வாயைப் பிளக்கும் என்று அந்தச் சத்தத்தை வைத்தே பிரித்து வைப்பாராம்.

அன்று குளிர்கிடங்கில் தொங்கியவை பன்னிரண்டு ஜோடி. காஷ்மீரில் ஒரு மலைக்கிராமத்தின் மீட்புக் குழுவுக்கு. பனி சரிந்து யாராவது புதைந்துபோனால் முதலில் ஏறிப் போய்த் தேடுகிறவர்கள். குழுவின் தலைவர் பெயர் ஆதில். அவரோடு பேசுவதற்கு எங்களில் இந்தி தெரிந்தவர் காஜா பாய்தான், வளைகுடா இந்தி. பன்னிரண்டு பேரின் உயரத்தையும் எடையையும் போனிலேயே கேட்டு எழுதி, ஒவ்வொருவருக்கும் நீளம் குறித்தார். பதினோராம் ஜோடி ஆதிலுக்கு. எல்லாவற்றையும்விட நீளமானது.

"அந்தக் கொட்டகையில விழுந்தா சுத்தி நிக்கவன் சிரிப்பான் தம்பி" என்று ஒருமுறை சொன்னார். "இங்க விழுந்தா தேடணும். தேடப் போறவனே விழுந்துட்டாம்னா, அவனை யாரு தேடுவா?"

மலையில் பனி விழத் தொடங்குமுன் பலகைகள் போய்ச் சேர வேண்டும். தரம் பார்த்துக் கையெழுத்துப் போடுவது என் வேலை. வளைக்கும் இயந்திரத்தில் ஒவ்வொரு பலகையையும் ஆயிரம் தடவை அழுத்தினேன். எதுவும் விரியவில்லை. குளிரில் மூன்று நாள் தொங்கவிட்டு மறுபடி அழுத்துவது மட்டும் பாக்கி. அதற்குள்தான் பாய் நான்கு பலகைகளில் நீலச் சாக்பீஸால் கோடு போட்டு வைத்திருந்தார். மூன்று, நான்கு, ஒன்பது, பதினொன்று. எல்லாம் ஜோடியில் இடது பக்கம்.

"மூணு தட்டு. கொஞ்சம் நிறுத்தம். மறுபடி மூணு தட்டு" என்றார்.

ரெசின் கலக்குகிற தளவாய் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தான். "உள்ள ஏதாச்சும் சீலாமீனு உசுரோட கெடந்திருக்கும் பாய். கதவத் தொறங்க, வீட்டுக்குப் போணும்னு தட்டிருக்கும்."

"சிரியும் வே, சிரியும். நீரு கலக்குன ரெசின்தான் உள்ள இருக்கு" என்றார் பாய்.

நான் படித்ததைச் சொன்னேன். குளிர்ந்தால் எல்லாப் பொருளும் சுருங்கும், எஃகும் மரமும் வேறு வேறு வேகத்தில் சுருங்கும், சத்தம் வரத்தான் செய்யும், அதற்குத்தான் ரப்பர் வைத்திருக்கிறோம் என்று. கொஞ்சம் கூடுதலாகவே விளக்கினேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு ஒரே கேள்வி கேட்டார்.

"உள்ள கொண்டுவந்த அன்னிக்குத் தட்டுச்சுன்னா நானும் அப்படித்தான் சொல்லுவேன். மூணு நாளா ஒரே குளிர்ல தொங்குது. இன்னும் சுருங்க என்ன தம்பி மிச்சம் இருக்கு?"



அண்ணாச்சிக்குப் போன் போட்டேன். முதலில் ஏசினார். பிறகு, "சரி, ஒண்ணை அறுத்துப் பாருங்க. ஒண்ணுதான். கேட்டியா?" என்றார். மூன்றாம் எண் பலகையைப் பட்டறைக்குக் கொண்டுபோய், வாள் இயந்திரத்தில் நீளவாக்கில் பிளந்தோம். கட்டைக்கும் துணிக்கும் நடுவில், ரெசின் கண்ணாடி மாதிரி இருக்க வேண்டிய இடத்தில், கடுகு கடுகாக வெள்ளைக் கொப்புளங்கள். பார்த்துக்கொண்டிருக்கும்போதே அவை வேர்த்தன. விரலை வைத்தேன். தண்ணீர்.

எங்கிருந்து வந்த தண்ணீர் என்று எல்லாரும் கேட்டார்கள்.  எனக்கு அந்த நிமிடமே தெரிந்துவிட்டது.

ஆவணி மாதம் கட்டை இழைக்கும்போது பட்டறையில் நிற்க முடியாத சூடு. ஆஸ்பெஸ்டாஸ் கூரை. பதினோரு மணி ஆனதும் தளவாயிடம், தரையில் ரெண்டு வாளித் தண்ணி தெளிலே, வெக்கை அடங்கட்டும் என்று நான்தான் சொன்னேன். சேரன்மகாதேவிப் பக்கம் எங்கள் ஊரில் அதைச் சொல்லவே வேண்டாம். வெயில் ஏறினால் முற்றத்தில் தண்ணீர் விழும். அதில் தப்பு இருக்க முடியும் என்று எந்த வீட்டிலும் யாருக்கும் தோன்றாது. இழைத்த கட்டைகள் சில வடக்குச் சுவரில் சாத்தி, கால் தரையில் பட நின்றன. ஈரம் பார்க்கிற மீட்டரைக் கட்டை வந்திறங்கிய அன்று வைத்துப் பார்த்து, எண்ணைக் குறித்துக்கொண்டேன். அதற்கப்புறம் வைக்கவில்லை. கட்டை காலால் குடித்திருக்கிறது. சூட்டு அச்சில் அது ஆவியாகி, போக வழி இல்லாமல் உள்ளேயே கொப்புளமாக நின்றுவிட்டது. தாமிரபரணித் தண்ணீர். சுலோச்சன முதலியார் பாலத்துக்கு அடியில் ஓடுகிற தண்ணீர், குழாய் வழியே வந்து, என் வாளியில் இறங்கி, பலகைக்குள் புகுந்து, மீன்களுக்கு நடுவில் மூன்று நாளாக உறைந்து நெளிந்திருக்கிறது.

"நான்தான் அண்ணாச்சி தெளிக்கச் சொன்னேன்" என்றேன்.

அண்ணாச்சி என்னை ஒரு பார்வை பார்த்தார். "இதுக்காலே நாலு வருசம் படிச்ச?"

அவமானம்தான். ஆனாலும் ஒன்றைச் சொல்ல வேண்டும். உள்ளுக்குள் எனக்கு ஒரு நிம்மதி. காரணம் கிடைத்துவிட்டது. சத்தம் வெறும் சத்தமாக இல்லை. மூன்று, நான்கு, ஒன்பது மூன்றும் வடக்குச் சுவரில் நின்ற கட்டைகள். பதிவேட்டில் பார்த்தேன், சரியாக இருந்தது. பிறகு பதினொன்றைப் பார்த்தேன்.

பதினொன்றின் கட்டை நீளமானது என்பதால் சுவரில் சாத்த இடமில்லாமல், முதல் நாளிலிருந்தே மேலே பரண் கம்பியில் கிடந்திருக்கிறது. ஒரு சொட்டுத் தண்ணீர் அதன் பக்கம் போகவில்லை.

"அப்ப பதினொண்ணு நல்ல பலகை. அனுப்பிர வேண்டியதுதான்" என்றார் அண்ணாச்சி.

"அதுவும் தட்டுது அண்ணாச்சி" என்றார் காஜா பாய்.

"பாய், மூணுக்குக் காரணம் இருக்கு, ஒத்துக்கிட்டேன். இதுக்கு என்ன காரணம்? சொல்லும்."

"தெரியல."

"தெரியாததுக்கு நான் பலகையை வெச்சிக்கிட்டு என்ன செய்ய? பூசை போடவா?"

அன்று மத்தியானமே ஆதிலின் போன் வந்தது. பாய் ஸ்பீக்கரில் போட்டு, இடையிடையே எங்களுக்குத் தமிழில் சொன்னார். அங்கே மேல்மலையில் வெள்ளை விழ ஆரம்பித்துவிட்டது என்றார். தன் பழைய பலகையில் ஒரு பக்க ஓரக்கம்பி பாதிக்குப் பிடுங்கிக்கொண்டு நிற்கிறது, அழைப்பு வந்தால் அதில்தான் போக வேண்டும், எப்போது அனுப்புகிறீர்கள் என்று கேட்டார். பாய், இன்னும் கொஞ்ச நாள் என்று என்னவோ மழுப்பினார். ஆதில் சிரித்தது கேட்டது. பனி நாள் பார்க்காது சாச்சா என்றார்.

 அனுப்பினாலும் ஆபத்து, அனுப்பாவிட்டாலும் ஆபத்து. அண்ணாச்சி என் பக்கம் திரும்பினார். "தம்பி, கையெழுத்து உன்னோடது. இயந்திரம் சரிங்குது. பாயோட காது வேண்டாங்குது. நாளைக்குக் காலைல நீ சொல்லு."

நான் அன்றே திரும்பக் குளிர்கிடங்குக்குப் போனேன். மணி மூன்று இருக்கும். தனியாகப் போகக் கூடாது என்று விதி, அதனால் காஜா பாய் கதவுக்கு வெளியே உட்கார்ந்தார். "நான் உள்ள வரல. வந்தா, நான் சொல்லித்தான் உங்களுக்குக் கேட்டுச்சும்பாங்க" என்றார்.

கோட்டை மாட்டிக்கொண்டு உள்ளே போனேன். கதவு பைய மூடியது. பதினோராம் எண் இடதுக்கு முன்னால் மீன் தட்டைப் போட்டு உட்கார்ந்தேன். காற்றை ஊதும் இயந்திரத்தின் இரைச்சல் இருந்தது. கொஞ்ச நேரத்தில் பனி உருக்குவதற்காக அது தானாக நின்றது. அப்போதுதான் பாய் சொன்ன அமைதி என்னவென்று எனக்குத் தெரிந்தது. என் சொந்த மூச்சு எங்கேயோ போய் விழுந்தது.

ஒன்றும் கேட்கவில்லை. ஐந்து நிமிடம். ஏழு நிமிடம். எழுந்து கதவுப் பக்கம் இரண்டு அடி வைத்தேன்.

டக். டக். டக்.

திரும்பினேன். நின்றுவிட்டது. நகத்தால் மரத்தைத் தட்டுவது மாதிரியான சத்தம். பெரிதாக இல்லை, ஆனால் தெளிவாக இருந்தது. திரும்ப வந்து உட்கார்ந்தேன். மறுபடி அமைதி. மீண்டும் எழுந்து போனேன்; மீண்டும் மூன்று. நான் கிட்டே இருந்தால் அதற்குத் தேவையில்லை, விலகினால் கூப்பிடுகிறது என்று ஒரு நினைப்பு வந்தது. என் உடம்புச் சூடு கிட்டே இருந்தால் பலகை லேசாக இளகும், விலகினால் இறுகும் என்று உடனே ஒரு கணக்கும் போட்டேன். கணக்கு சரியாகவே இருந்தது. ஆனாலும் திரும்பப் போய்ப் பலகைக்குக் கிட்டே நின்றேன். 

அதே நேரம் விளக்கு அணைந்தது. பத்து நிமிடத்துக்கு ஒருமுறை அணையும் விளக்கு அது. வெளியே ஒரு பொத்தானை அழுத்த வேண்டும். எனக்குத் தெரிந்த விஷயம்தான். இருட்டில் கையை நீட்டினேன். கையுறையை எப்போது கழற்றினேன் என்று நினைவில்லை. உள்ளங்கை பலகையின் ஓரக்கம்பியில் பட்டது. இழுத்தேன், வரவில்லை.

வெயிலில் வந்த கை, வேர்வை. எஃகில் பட்டதும் உறைந்து ஒட்டிக்கொண்டது. இதுவும் எனக்குத் தெரிந்த விஷயம்தான். ஆனால் அந்த இருட்டில் எனக்குத் தோன்றியது ஒன்றே ஒன்று: அது என் கையைப் பிடித்துக்கொண்டது. பிடித்தபடியே, என் உள்ளங்கைக்குள்ளேயே, மூன்று முறை தட்டியது.

நான் கத்தினேன் போலிருக்கிறது. கதவு திறந்து வெயில் ஒரு பட்டையாக உள்ளே விழுந்தது. காஜா பாய் ஒரு கையில் டீ கிளாஸோடு வந்தார். "இழுக்காதீங்க, தோலு வந்திரும்" என்று சொல்லி, ஆறிப்போயிருந்த டீயைச் சொட்டுச் சொட்டாகக் கம்பியில் விட்டார். கை பிரிந்தது. விரல் அடியில் ஒரு ரூபாய் அளவுக்குத் தோல் அங்கேயே தங்கிவிட்டது.

வெளியே வந்து உட்கார வைத்தார். கேட்டுச்சா என்று அவர் கேட்கவில்லை. கையைப் பார்த்துவிட்டு, "கமர் நிஷாகிட்டச் சொல்லாதீங்க, என்னைத்தான் ஏசுவா" என்று மட்டும் சொன்னார்.

மறுநாள் மறுபடி அழுத்திப் பார்த்துவிட்டு எட்டு ஜோடிக்குக் கையெழுத்துப் போட்டேன். பதினொன்றுக்குப் போடவில்லை. காரணம் எழுதுகிற இடத்தில் வேறு எதுவும் தோன்றாமல் 'சத்தம்' என்று எழுதினேன். அண்ணாச்சி அதைப் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"இப்படி எழுதறதுக்கு நீ எதுக்குலே? பாயே போதுமே."

"எனக்கும் கேட்டுச்சு அண்ணாச்சி."

 அறுத்துப் பார்க்கச் சொன்னார். அறுத்தோம். நான் பார்த்ததிலேயே சுத்தமான பலகை அதுதான். ரெசின் கண்ணாடியாக நின்றது. ஒரு கொப்புளம் இல்லை, ஒரு விரிசல் இல்லை, கட்டை எலும்பு மாதிரி காய்ந்திருந்தது. மீட்டரை வைத்தேன், எண் சரியாக இருந்தது. ரப்பர் தன் இடத்தில் இருந்தது. கல்லூரிப் புத்தகத்தில் படமாகப் போடலாம். அண்ணாச்சி இரண்டு பாதியையும் கையில் வைத்துக்கொண்டு பாயைப் பார்த்தார். பாய் தரையைப் பார்த்தார். நல்ல சாமானைப் பாழாக்கிவிட்டோம் என்கிற முகம் அவருக்கு. நோன்பு நாளில் தெரியாமல் தண்ணீர் குடித்துவிட்டவர் மாதிரி நின்றார்.

தளவாய்தான், அறுத்த துண்டை மறுபடி குளிரில் போட்டால் சத்தம் வருமா பார்ப்போம் என்று விளையாட்டாகக் கேட்டான். சாக்கில் கட்டி எடுத்துக்கொண்டு போனான். ஒரு மணி நேரம் கழித்து வந்தான். என்னலே, சீலாமீன் என்ன சொல்லுது என்று யாரோ கேட்டார்கள். அவன் சிரிக்கவில்லை. "அந்த ரூமுக்கு இனி என்னை அனுப்பாதீங்க அண்ணாச்சி, கும்பிட்டுக் கேக்கேன்" என்றான். வேறு ஒரு வார்த்தை சொல்லவில்லை. இன்றுவரை சொல்லவில்லை.

புதிதாகப் பதினோராம் ஜோடி செய்யப் பன்னிரண்டு நாள் ஆயிற்று. தரையில் ஒரு சொட்டுத் தண்ணீர் விழவில்லை. வெக்கையில் வேர்த்து ஊற்றியபடி வேலை செய்தோம். காலை, மதியம், மாலை என்று ஈரம் பார்த்தேன். அந்தப் பன்னிரண்டு நாளும் காஜா பாயின் போன் சட்டைப் பையில் இருக்கவில்லை, கையிலேயே இருந்தது. ஏழாம் நாள் ஆதில் அழைத்தார். மேலே ஆடு மேய்க்கப் போன இரண்டு பேரைக் காணோம், குழு கிளம்புகிறது என்றார். எட்டு ஜோடி போய்ச் சேர்ந்திருந்தது. நீங்க போகாதீங்க, அந்த எட்டுப் பேரு போகட்டும் என்று பாய் கெஞ்சினார். அரைகுறை இந்தியில் ஒரு மனிதன் அப்படிக் கெஞ்சி நான் கேட்டதில்லை. ஆதில் சரி என்றாரா, சரி என்று சும்மா சொன்னாரா தெரியாது. மூன்று மணி நேரம் பாய் மில் சுவர் ஓரத்தில் குத்தவைத்தே இருந்தார். மத்தியான லுஹர் தொழுகைக்கு மட்டும் எழுந்தார். ஆடு மேய்க்கப் போனவர்கள் ஒரு குகையில் உயிரோடு கிடைத்துவிட்டார்கள் என்று செய்தி வந்தது. ஆதில் கீழேயேதான் இருந்திருக்கிறார்.

புதுப் பலகைகள் குளிருக்குப் போயின. மூன்று நாளும் காஜா பாய்தான் காது வைத்தார். மூன்றாம் நாள் வெளியே வந்தபோது தாடி முழுக்கப் பனி. "ஒண்ணும் இல்ல" என்றார். சந்தோஷமாகத்தான் சொன்னார். நான் இயந்திரத்தில் அழுத்தினேன், கையெழுத்துப் போட்டேன், பார்சல் கிளம்பியது. பிறகு மூன்று, நான்கு, ஒன்பதையும் செய்து அனுப்பினோம்.

கார்த்திகை பிறந்து ஆதில் ஒரு வீடியோ அனுப்பினார். நெஞ்சில் கட்டிய கேமராவில் எடுத்தது. ஆள் தெரியவில்லை. நம் பலகைகளின் மூக்கு இரண்டும் தெரிகிறது. வெள்ளைச் சரிவு, ஆழப் பனி, பலகை பனியைக் கீறுகிற சத்தம், அவருடைய மூச்சு. இரண்டு நிமிடம் நாற்பது விநாடி. கடைசியில் நின்று, பலகையைக் கழற்றி ஒரு முத்தம் கொடுத்துவிட்டு, சாச்சா, சரியான பலகை என்கிறார். பட்டறையே கைதட்டியது. அண்ணாச்சி எல்லாருக்கும் அல்வா வாங்கிக் கொடுத்தார்.

அன்று சாயங்காலம் காஜா பாய் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். போனை என் காதில் வைத்தார். "ஒரு நிமிசம் பத்தாவது விநாடியில இருந்து கேளுங்க தம்பி. தட்டுதா?"

கேட்டேன். கீறல், மூச்சு, காற்று. "இல்ல பாய்."

"நல்லாக் கேட்டுச் சொல்லுங்க."

"இல்ல பாய். சுத்தமா இருக்கு."

அவர் போனைப் பார்க்கவில்லை, என் முகத்தையே பார்த்தார். பிறகு மெதுவாகச் சொன்னார். "எனக்கு இப்ப எல்லாத்துலயும் கேக்குது தம்பி. வீட்டுக் கதவுல கேக்குது. பிரஷர் குக்கர்ல கேக்குது. பள்ளிவாசல்ல தொழுவுறப்ப விரிச்ச பாய்க்கு அடியில கேக்குது. எது நெசம்னு எனக்கே தெரியல. அதான் உங்ககிட்டக் கேக்குதேன்."

மறுநாளும் கேட்டார். அதற்கு அடுத்த நாளும். மலையில் பனி இருக்கிற வரைக்கும் ஆதில் படம் அனுப்பிக்கொண்டேதான் இருப்பார், ஒவ்வொன்றையும் அவர் என் காதில் வைத்துக்கொண்டேதான் இருப்பார் என்று புரிந்துவிட்டது. நான் ஒவ்வொரு முறையும் முழுசாகக் கேட்டுவிட்டுத்தான் பதில் சொல்கிறேன். கேட்காமலே 'இல்லை' என்று சொல்லிவிட எனக்கு மனம் வரவில்லை.

நேற்று அவர் லீவு. மனைவியின் தங்கை வீட்டில் விசேஷம். மத்தியானம் மின்சாரம் போய்ப் பட்டறை அமைதியானபோது, யாரும் கேட்காமலே நான் அந்த வீடியோவைப் போட்டுக் காதில் வைத்துக்கொண்டேன். ஒரு நிமிடம் பத்தாவது விநாடியிலிருந்து.